மற்றும் பலரின் பேரன்

மேட்டூர் அணையைத் திறந்த மறுநாள் பேப்பரில் ஒரு படம் வரும். மதகிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டிருக்கும். முதலமைச்சரோ அமைச்சரோ அதில் பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருப்பார். தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற தலைகள் இருபதாவது இருக்கும். கீழே பெயர்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து, இடம் போதாமல் ‘மற்றும் பலர்’ என்று முடித்திருப்பார்கள். அன்று காலை ஏழு மணிக்குள் எனக்கு ஒரு போன் வந்துவிடும்.

“சார், பேப்பர் பாத்தீங்களா?”

“பார்த்தேன் அண்ணா.”

“தாத்தா ஞாபகம் வந்துருச்சுங்க.”

தாத்தா ஞாபகம் அவருக்கு என்றைக்குப் போனது என்று கேட்க முடியாது. பெரியவர். கூட்டுறவு சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ரிட்டையர் ஆகி, சேலத்துப் பக்கமிருந்து சென்னைக்கு மகன் வீட்டோடு வந்தவர். ரிட்டையர் ஆனவர்கள் நடை, சர்க்கரை, கோயில் மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இவர் தாத்தாவைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு காலத்தில் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் என்பது தெரிந்ததும் என்னையும் பிடித்துக்கொண்டார். பிழை திருத்துபவனுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “பத்திரிகைன்னா எல்லாம் ஒரே ஆபீஸ்தானுங்களே” என்றார்.

ஊருக்கு ஒரு அய்யனார் மாதிரி வம்சத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி வேட்டி துண்டோடு வெளியே வந்தபோது பக்கத்தில் நின்றவரின் பேரன்கள் மட்டும் எனக்குத் தெரிந்து நான்கு பேர். அத்தனை தாத்தாக்களும் மேலமாசி வீதியில் அன்று நின்றிருந்தால் காந்தி வெளியே வந்திருக்கவே முடியாது. 1969-ல் அண்ணாவின் இறுதி ஊர்வலப் படத்தை வைத்துக்கொண்டு, லென்ஸால் ஒரு மரக்கிளையைக் காட்டி, “இந்த மரத்துலதான் எங்கப்பா” என்று சொல்பவர் ஒருவரும் இருக்கிறார். மரம் நன்றாகத் தெரியும்.

நம்மவர் கேஸ் மேட்டூர். 1925-ல் தொடங்கி ஒன்பது வருடம் கட்டிய அணை அது. அந்த ஒன்பது வருடத்தில் தாத்தா அங்கே வேலை பார்த்தது நிஜம்தான். என்ன வேலை என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதன்முதலில் என்னிடம் சொன்னபோது தாத்தா கலவை சுமந்தார். அடுத்த ஜூனில் மேஸ்திரி ஆனார். அதற்கடுத்த வருடம், “இஞ்சினீயர் துரை எதுவா இருந்தாலும் தாத்தாவைக் கேக்காம செய்ய மாட்டாராம்” என்ற நிலைக்கு உயர்ந்தார். தாத்தா காலமானது 1961-ல். பிரமோஷன்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஒருமுறை நீர்மட்டம் நூற்றிருபது அடியைத் தொட்டுவிட்டதாக டிவியில் சொன்னபோது, “அந்த நூத்தி இருபதுல மூணு அடி எங்க தாத்தா போட்டதுங்க” என்றார். அடியிலிருந்தா மேலிருந்தா என்று நான் கேட்கவில்லை.

அணையைத் திறந்த அன்று கவர்னரோடு தாத்தா நின்ற படம் பேப்பரில் வந்தது என்பது குடும்ப வேதம்.

“எந்தப் பேப்பர் அண்ணா?”

“தினமணிங்க. எங்கப்பா கண்ணால பாத்திருக்காரு.”

பிழை திருத்தியே வாழ்ந்தவனுக்கு இந்த இடத்தில் வாய் சும்மா இருக்காது. கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தது 1934 ஆகஸ்ட் 21. தினமணி முதல் இதழ் வந்தது அதே வருடம் செப்டம்பர் 11, பாரதியின் நினைவு நாளில். மூன்று வாரம் உதைக்கிறதே என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப தந்தியா இருக்கும்.”

“தந்தி 1942.”

“மலரு?”

“1951.”

இத்தனை பத்திரிகைகளையும் தாமதமாகத் தொடங்கச் சொன்னது நான்தான் என்பது போலப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. “எல்லாரும் லேட்டாத்தான் வந்திருக்காங்க. தாத்தாதான் டயத்துக்கு வந்திருக்காரு.”

மிஞ்சியது தமிழில் சுதேசமித்திரன், இங்கிலீஷில் ஹிந்து, மெட்ராஸ் மெயில் என்று சில. ஹிந்து என்றதும் அவருக்குப் பிடித்துப்போனது. தாத்தா இங்கிலீஷ் பேப்பரில் வந்தவர் என்பதில் ஒரு கெத்து இருக்கிறதல்லவா. “ஆமாங்க, ஹிந்துதான். முதல் பக்கத்துல, கொட்டை எழுத்துல.” 1958 வரைக்கும் ஹிந்துவின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான் என்பதை எப்படிச் சொல்வது? சொன்னேன். “அப்ப ஏதாச்சும் விளம்பரத்துல வந்திருப்பாரோ?” என்றார், நிஜமான யோசனையோடு.

அசல் கட்டிங் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது ஒரு தனிப் பாரதம்.

பாட்டி அதைத் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாளாம். பாட்டி போனதும் பாகப்பிரிவினை. நிலம், மாடு, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பங்காயிற்று. பெட்டி பெரியப்பா வீட்டுக்கு, புடவை அத்தைக்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கட்டிங் யார் பங்கு என்று பத்திரத்தில் எழுதவில்லை. பெரியப்பா வீட்டில் கேட்டால் சித்தப்பாவிடம் என்கிறார்கள். சித்தப்பா வீட்டில் கேட்டால், “பெட்டிய வாங்கினவங்கள கேளுங்க” என்கிறார்கள். கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் தொடங்கிய சண்டைக்கு இப்போது இந்தக் கட்டிங்தான் காரணம் என்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நம்புகிறார்கள்.

உண்மையில் அது சித்தப்பாவிடம்தான் போயிருக்கிறது. நம்மவரே ஒரு மழைநாளில், குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். 1972-ல் மத்திய அரசு தியாகி பென்ஷன் என்று அறிவித்தபோது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. தாத்தாதான் இல்லை, பாட்டி அப்போது இருந்தாள், அவளுக்கு வரட்டுமே. அப்பாவும் அந்தக் காலத்து ஆள், சுதந்திரமும் அந்தக் காலத்தில் கிடைத்தது, இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலா இருக்கும்? பாட்டியிடம் கைநாட்டு வாங்கி விண்ணப்பம் எழுதினார். ஆதாரம் இணைக்கவும் என்றிருந்தது. வீட்டில் தாத்தா சம்பந்தமாக அச்சில் இருந்த ஒரே காகிதம் அந்தக் கட்டிங். குண்டூசி குத்தி அனுப்பிவிட்டார். வெள்ளைக்கார கவர்னருக்கு எதிரே தாத்தா கைகூப்பி நிற்கிற படம். தியாகத்துக்கு ஆதாரம் அது.

விண்ணப்பம் திரும்பி வரவில்லை. படமும் வரவில்லை. இந்தக் கணக்கில் பாட்டி பெட்டியும் புடவையும் விட்டுப் போகும்போதே அடியில் ஒன்றும் இல்லை. இல்லாததற்குத்தான் ஐம்பது வருடமாகப் பங்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் இதை இரண்டு வீட்டிலும் சொல்லவில்லை. “சொன்னா இருக்கற சண்டையும் போயி, பேச்சுவார்த்தையே நின்னுரும்” என்றார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருடம் சும்மாவா இருந்தார்?

சரி, நூலகம். புத்தகம் அச்சிட்டால் நாட்டின் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ல் சட்டம் வந்தது. அதில் கன்னிமாராவும் ஒன்று. பத்திரிகைகளை அந்தச் சட்டத்தில் சேர்த்தது 1956-ல். தாத்தா இருபத்திரண்டு வருடம் அவசரப்பட்டுவிட்டார். அதற்கு முந்தைய பேப்பர் எங்கே தப்பிப் பிழைத்திருக்கிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான். நம் வீடுகளில் பேப்பருக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் அலமாரியில் விரிப்பு, அதற்கடுத்த நாள் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற, மிச்சம் எடைக்கு. எல்லாவற்றுக்கும் தப்பினாலும் மரக்கூழ்க் காகிதம் தானாகவே பழுத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். விட்டுப்போனதை ராமபாணப் பூச்சி படித்து முடிக்கும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒரு சைன்போர்டு ஓவியர் இருந்தார். புத்தகம், சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அடுத்தவர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். அவர் காலமான பின் அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து ஓர் ஆய்வு நூலகமாகவே ஆகிவிட்டது. இதைச் சொன்னபோது நம்மவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நம்ம பெரியப்பாவுக்கு மட்டும் இந்தப் புத்தி இருந்திருந்தா...” என்று தொடங்கி, கிணற்றுக்குப் போய்விட்டார்.

நாங்கள் போன நூலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு புதன்கிழமை. ரெக்ஸின் பையை வாசலில் வைக்கச் சொன்னார்கள், பேனா கூடாது பென்சில்தான் என்றார்கள், படிவத்தில் ‘ஆய்வின் தலைப்பு’ என்ற இடத்தில் அண்ணா ‘தாத்தா’ என்று எழுதினார். மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் திரையில் பக்கங்கள் ஓடும். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். பஸ்ஸில் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தது மாதிரி. அதுவும் நெகடிவ் ஃபிலிம். எழுத்து வெள்ளை, காகிதம் கறுப்பு. படங்களும் அப்படியே தலைகீழ் நிறம். கவர்னர்கள் எல்லாம் கன்னங்கரேலென்று நிற்க, கூலிக்காரர்கள் வெள்ளைக்காரர்களாகத் தெரிந்தார்கள். “இப்படியே இருந்திருக்கலாம்” என்று அண்ணா முணுமுணுத்தார்.

ஆகஸ்ட் 22-ஆம் தேதியை மட்டும் பார்த்தால் போதும் என்று வந்திருந்தார். மேட்டூரில் எடுத்த படம் ரயிலேறி சென்னை வந்து, கழுவி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, அதன்பிறகுதான் அச்சேறும். ஒரு வாரம்கூட ஆகும் என்றேன். சுற்றிக்கொண்டே போனோம். எனக்குத்தான் கஷ்டம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கொக்கி இருந்தது. அந்த வாரம் ஓவல் மைதானத்தில் போன்ஸ்ஃபோர்டு 266, பிராட்மேன் 244, இரண்டு பேரும் சேர்ந்து 451. நான் கையை நீட்டி நிறுத்தினேன். “அவங்க ஆடட்டுங்க, நகத்துங்க” என்றார். அடுத்து, ஹிட்லர் ஜெர்மனியில் வாக்கெடுப்பு நடத்தி, அதிபர் பதவியையும் சேர்த்துக்கொண்ட செய்தி. “அந்தாளு கெடக்கறான், நகத்துங்க.” உலகமே பற்றிக்கொள்ளக் காத்திருந்த வாரம். இவர் ஒரு தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைத்தது. ஒரு வாரம் தள்ளி, உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம். கவர்னரும் துரைமார்களும் முன்னால், தொப்பியோடு. பின்னால் மேடான இடத்தில் வரிசையாகத் தலைப்பாகைகள். துரைமார்களின் பெயர்கள் கீழே இருந்தன. தலைப்பாகைகளுக்குப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ‘மற்றும் பலர்’ என்று போடும் மரியாதைகூட இல்லை.

அண்ணா பேச்சற்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வேட்பாளர் தேர்வு தொடங்கியது. முதல் தலைப்பாகைக்கு மீசை. தாத்தாவுக்கு மீசை உண்டு என்பது பெரியப்பா கட்சி, கிடையாது என்பது சித்தப்பா கட்சி, ஆகையால் தள்ளுபடி. இரண்டாவது ஆள் ரொம்பக் குட்டை. மூன்றாவது ஆளின் மேல் ஃபிலிமில் ஒரு கீறல். கடைசியில் வலது ஓரத்தில் ஒருவர் நின்றார். கவர்னருக்கும் கேமராவுக்கும் சேர்த்து முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி.

“இதாங்க தாத்தா.”

“முகம் தெரியலியே அண்ணா.”

“முகம் எதுக்குங்க? இடது தோளு எறங்கியிருக்கு பாருங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். எனக்கும் இப்படித்தான்.” எழுந்து, அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்று, என் பக்கம் முதுகைத் திருப்பிக் காட்டினார். படித்துக்கொண்டிருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவிகளும் ஒரு பெரியவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இடது தோள் இறங்கித்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடம் அந்தத் தோளில்தான் ரெக்ஸின் பையை மாட்டியிருக்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். “சித்தப்பா பென்ஷனுக்கு அனுப்பின படத்தில் தாத்தா கைகூப்பி நின்றார் என்றீர்களே?”

“கும்பிட்டுக்கிட்டுத்தான் நிக்கறாரு. முன்னாடி கும்பிட்டா பின்னாடி தெரியுமாங்க? காவேரியக் கும்பிட்டிருக்காரு. அந்தப் படத்துல நடுவுல வெள்ளைக்காரன் வந்து நின்னிருப்பான். இதுல பாருங்க, வெள்ளைக்காரனுக்கு முதுகக் காட்டியிருக்காரு.” கொஞ்சம் நிறுத்தி, “சித்தப்பா சொன்னது தப்பில்லீங்க” என்றார். ஒரே முதுகில் தியாகியும் ஆகிவிட்டார் தாத்தா.

அந்தக் காலத்துப் பேப்பர் படம் என்பது புள்ளிகள். வலைக் கண்ணாடி வழியாகப் படமெடுத்து, அங்குலத்துக்கு அறுபது எழுபது புள்ளி என்று உடைத்துத் தகட்டில் ஏற்றுவார்கள். கடுகளவு தலைக்கு, கணக்குப் போட்டால், ஐந்து புள்ளி ஐந்து வரிசை. மார்கழியில் அவசரத்துக்குப் போடுகிற கோலத்தின் கணக்கு. இதை அண்ணா ஃபிளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் இரண்டடிக்குப் பெரிதாக்கினார். கிட்ட நின்று பார்த்தால் எறும்புப் புற்று. தெருமுனையிலிருந்து பார்த்தால் தாத்தா. அதையும் பேரன் செல்போன் ஆப் ஒன்றில் போட்டான். அது முதுகுக்கு நல்ல நிறம் கொடுத்து, துண்டை ஊதாவாக்கி, இன்னும் கொஞ்சம் சீர்செய்யட்டுமா என்று கேட்டு, பிடரியில் ஒரு சிரித்த முகத்தை வைத்துவிட்டது. அண்ணா இரண்டு நாள் அந்த முகத்தையும் பரிசீலித்தார் என்பதை அவர் மருமகள் சொல்லித்தான் அறிந்தேன்.

படத்துக்கு ஃபிரேம் போட்டு, ஹாலில் மாட்டி, எங்களைக் காப்பிக்குக் கூப்பிட்டார். நூலகத்தில் எடுத்த முழு நகல் மேஜைமேல் கிடந்தது. அண்ணி காப்பி டபராவை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதுகுக்கும் தள்ளி, ஓரத்தோடு ஓரமாக, தலையில் கூடை வைத்த ஒரு பெண்.

“இந்தம்மா யாரு?”

“வேலைக்கு வந்தவங்க யாராச்சும் இருப்பாங்க.”

“உங்க பாட்டியும் அங்கதான் கல்லுச் சொமந்தாங்கன்னு அத்தை சொல்லுவாங்க.”

அண்ணா நகலை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஃபிரேமுக்குள் அந்த ஓரம் இல்லை. “சைஸுக்கு வரலைன்னு கடைக்காரன் வெட்டிட்டான்” என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று என்னைக் கேட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் ஜூன் மாதங்கள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். பத்து நாள் கழித்து அண்ணா இன்னொருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பென்னாகரம் பக்கத்து ஆள். பார்த்த முகமாக இருந்தது. நூலகத்தில் அமைதிப் பலகைக்குக் கீழே நடந்த முதுகு நிகழ்ச்சியை நிமிர்ந்து பார்த்த அதே பெரியவர். அவரிடமும் ஒரு ஃபைல். அவரிடமும் அதே பக்கத்தின் நகல். சிவப்பு பால்பாயிண்ட்டால் வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் அதே முதுகு.

“எங்க பாட்டனாருங்க. எடது தோளப் பாத்தீங்களா?”

அவர் எழுந்து திரும்புவதற்குள் உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் என் ஹாலில் ஆளுக்கொரு நாற்காலியில் கோர்ட்டுக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான் யார்? நம் ஊரில் தகராறை எங்கே தொடங்குவார்களோ அங்கே தொடங்கினேன். ஊர் எது? அவர் ஊர் இப்போது இல்லை, அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அண்ணாவுக்கும் பூர்வீகம் தண்ணீருக்கு அடியில்தான். குலதெய்வம்? அவர் சொன்னார். அண்ணா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அதே சாமி. அதே பூசாரி வீடு. மாசி மாதம் அதே வெள்ளிக்கிழமை பொங்கல்.

“அட, அப்ப நாம பங்காளிங்கல்ல!”

அடுத்த அரைமணி நேரம் நான் அந்த ஹாலில் இல்லாதவன் ஆனேன். யார் யாருக்கு என்ன முறை, எந்தத் தலைமுறையில் பிரிந்தது, பிரிந்ததற்குக் காரணம் கிணறா வரப்பா என்று போய்க்கொண்டிருந்தது. பங்காளி என்று ஆனபின் முதுகு இருவருக்கும் பொது. ஆளுக்கொரு ஃபிரேம் என்று பேசி முடித்தார்கள். சித்தப்பா வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை என்பதிலும் ஒரே கருத்து.

“அணையில தண்ணி வத்துனா பண்ணவாடியில நந்தி தல தெரியுமில்லீங்க?” என்றார் புதுப் பங்காளி. “அதுமாதிரி, தேடுனா முகமும் தெரியும்.”

அண்ணா என் பக்கம் திரும்பினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பார்வையை நான் அறிவேன், ஒவ்வொரு ஜூனிலும் போனிலேயே தெரியும்.

“சார், கவர்னர இந்தப் பக்கமிருந்து எடுத்திருக்கான். தாத்தா பாக்கறது தண்ணிப் பக்கம். அப்ப எதுத்தாப்புல இருந்து எடுத்தா முகம் விழுந்திருக்குமில்லீங்க?”

“எதிர்த்தாற்போல நீர்த்தேக்கம் அண்ணா. தண்ணீருக்குள் நின்று யார் படமெடுப்பார்கள்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பரிசல்ல இருந்து எடுத்திருக்கலாமுங்களே?”